டிஸ்னி கட்டிக்கொண்டே போகிறது, கணக்கு யார் தலையில்?

வரித் தாக்கல் சமயத்தில் என்னிடம் வரும் அமெரிக்கா வாழ் நம் குடும்பங்களில், ஃப்ளோரிடாவின் ஆர்லாண்டோவில் டிஸ்னி டைம்ஷேர் வாங்கியவர்களும் உண்டு, வாங்கலாமா என்று யோசிப்பவர்களும் உண்டு. டைம்ஷேர் என்றால், விடுதியில் ஆண்டுதோறும் சில நாட்கள் தங்கும் உரிமையைப் பல ஆண்டுகளுக்கு முன்கூட்டியே வாங்கிவிடுவது. இரண்டு தரப்பும் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்வார்கள்: "புதுசு புதுசா கட்டிட்டே இருக்காங்களே சார், டிமாண்ட் இல்லாமலா கட்டுவாங்க?"

டிமாண்ட் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் புதுக் கட்டடம் எழும்பினால் கம்பெனிக்கு நல்ல காலம் என்று மட்டும்தான் பொருள். ஏற்கெனவே பாயின்ட் (டிஸ்னி அந்தத் தங்கும் உரிமையை அளந்து விற்கும் அலகு) வைத்திருப்பவருக்கும் நாளை வாங்கப்போகிறவருக்கும் அது நல்ல காலமா என்பது தனிக் கேள்வி. என் கருத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன்: இன்றைய நிலையில் டிஸ்னி வேர்ல்டுக்கு இன்னொரு டைம்ஷேர் ரிசார்ட் தேவையில்லை. கம்பெனி என் பேச்சைக் கேட்கப்போவதில்லை. பணம் போடுகிறவர்களாவது யோசித்துவிட்டுப் போடட்டுமே என்றுதான் இதை எழுதுகிறேன்.

டிஸ்னி வெக்கேஷன் கிளப், சுருக்கமாக டிவிசி, 1991-இல் தொடங்கியது. முதல் ரிசார்ட்டுக்கு இன்று ஓல்ட் கீ வெஸ்ட் என்று பெயர். அப்போது அங்கே மூன்று தீம் பார்க்குகள் இருந்தன. 1998-இல் அனிமல் கிங்டம் வந்து நான்காயிற்று. அதோடு சரி, ஐந்தாவது பார்க் இன்றுவரை வரவில்லை. டைம்ஷேர் பக்கம் பாருங்கள்: 2000-இல் வைல்டர்னஸ் லாட்ஜ், 2002-இல் பீச் கிளப், 2004-இல் சரடோகா ஸ்பிரிங்ஸ், 2007-இல் அனிமல் கிங்டம் வில்லாஸ், 2009-இல் பே லேக் டவர், பிறகு கிராண்ட் ஃப்ளோரிடியன், பாலினீசியன், காப்பர் க்ரீக், 2019-இல் ரிவியரா, 2024-இல் மட்டும் இரண்டு: ஜூலையில் ஃபோர்ட் வைல்டர்னஸ் கேபின்கள், டிசம்பரில் பாலினீசியன் ஐலண்ட் டவர். படுக்கைகள் பெருகிக்கொண்டே போகின்றன. காலையில் எழுந்து போவதற்கு அதே நான்கு வாசல்கள்தான்.

இவை எழும்பிய இடங்களும் கவனிக்க வேண்டியவை. ரிவியரா நிற்பது கரீபியன் பீச் ஹோட்டலின் ஒரு பகுதியை இடித்த இடத்தில். ஐலண்ட் டவர் நிற்கும் இடத்தில் முன்பு ஹவாய் பாணி இரவு விருந்து நிகழ்ச்சி நடந்தது. அடுத்து வரும் லேக்‌ஷோர் லாட்ஜ், 1976-இல் திறந்து 2001-இல் மூடிய ரிவர் கன்ட்ரி நீச்சல் பூங்கா இருந்த இடத்தில் எழும்புகிறது. காப்பர் க்ரீக் போன்றவையோ சாதாரண ஹோட்டல் அறைகளையே மாற்றி அமைத்தவை. ஒரு தடவை மட்டும் ரொக்கம் கொடுத்துத் தங்கிவிட்டு வரலாம் என்று நினைப்பவருக்கு அந்த அறைகளில் அவ்வளவு சுலபமாக இடம் கிடைக்காது.

பார்க்குகளை விரிவாக்குகிறார்களே என்பீர்கள். 2023 செப்டம்பரில், பத்து ஆண்டுகளில் பார்க், கப்பல் பிரிவில் சுமார் 60 பில்லியன் டாலர் போடப்போவதாக அறிவித்தார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் அறிவித்தவற்றில் பலவும் ஒன்றை எடுத்துவிட்டு இன்னொன்றை வைப்பவை. கார்ஸ் படத்தை ஒட்டிய பகுதிக்காக மேஜிக் கிங்டத்தின் ஆறும் டாம் சாயர் தீவும் 2025 ஜூலையில் போயின. மான்ஸ்டர்ஸ் படப் பகுதி, மப்பெட் பொம்மைகளின் பகுதி இருந்த இடத்தில் வருகிறது. டைனோலேண்டை எடுத்துவிட்டு வெப்பமண்டல அமெரிக்காவைக் கொண்டுவருகிறார்கள். வில்லன்கள் பகுதி ஒன்றுதான் உருப்படியாகப் புது நிலத்துக்குள் போகிறது. சில மைல் தள்ளி, போட்டிக் கம்பெனியான யுனிவர்சல், 2025 மே மாதம் எபிக் யுனிவர்ஸ் என்று முழுதாக ஒரு புதுப் பார்க்கையே திறந்தது. அங்கேயும் ஹோட்டல்கள் கட்டினார்கள், ஆனால் அறைகளை வாடகைக்குத்தான் விடுகிறார்கள், டைம்ஷேராக விற்கவில்லை.

பிறகு ஏன் டிஸ்னி டைம்ஷேரை விடமாட்டேன் என்கிறது? கணக்குப் பார்க்கிறவன் கண்ணுக்கு இது மிக அழகான வியாபாரம். ஹோட்டல் கட்டினால் போட்ட பணம் ஒவ்வொரு இரவு வாடகையாகத் திரும்பிவரப் பல ஆண்டுகள் ஆகும். நடுவில் ஒரு மந்தநிலை வந்தால் அறைகள் காலி. டைம்ஷேரில் ஐம்பது ஆண்டுத் தங்கலை இன்றைக்கே விற்றுக் காசாக்கிவிடலாம். அதன்பின் பெயின்ட் அடிப்பது, சோபா மாற்றுவது, சொத்து வரி, காப்பீடு எல்லாம் டியூஸ் என்று எல்லோரும் சொல்லும் ஆண்டுக் கட்டணத்திலிருந்து வந்துவிடும். 2020 மார்ச்சில் பார்க்குகளை மூடி ஜூலையில்தான் திறந்தார்கள். அந்த ஆண்டும் உறுப்பினர்கள் டியூஸ் கட்டினார்கள். காலம் முடிந்ததும் கட்டடம் கம்பெனிக்கே திரும்புகிறது. ஓல்ட் கீ வெஸ்ட், போர்ட்வாக், பீச் கிளப், போல்டர் ரிட்ஜ் (2000-இல் வந்த வைல்டர்னஸ் லாட்ஜ் வில்லாக்களின் இன்றைய பெயர்) ஆகியவற்றின் காலம் 2042 ஜனவரி 31-இல் முடிகிறது. ஓல்ட் கீ வெஸ்ட்டில் சிலர் மட்டும் கூடுதல் பணம் கட்டி 2057 வரை நீட்டித்துக்கொண்டார்கள். ஆக, 2042-இல் மறுபடி விற்கவோ வாடகைக்கு விடவோ ஏராளமான அறைகள் தானாகவே கையில் வந்து விழப்போகின்றன. அதற்குள் புதிதாகக் கட்ட என்ன அவசரம்?

இந்த இடத்தில் கம்பெனிக்காகவும் கொஞ்சம் பேச வேண்டும். "ஆளுக்கு ஆள் வித்துட்டாங்க, ரூம் பத்தல" என்று உறுப்பினர்கள் புலம்புவது கணக்குப்படி சரியல்ல. ஒவ்வொரு ரிசார்ட்டிலும் இருக்கிற அறைகளுக்கு ஏற்பத்தான் பாயின்ட் விற்க முடியும். புது ரிசார்ட் புதுப் பாயின்ட்டோடு புது அறைகளையும் கொண்டுவருகிறது. பிரச்சினை ஆட்கள் எங்கே போக விரும்புகிறார்கள் என்பதில் இருக்கிறது. நீங்கள் வாங்கிய ரிசார்ட்டுக்கு 11 மாதம் முன்பே முன்பதிவு செய்யலாம். மற்றவற்றுக்கு 7 மாதம் முன்புதான். எப்காட் பார்க்குக்கு நடந்தே போகலாம் என்பதால் உணவுத் திருவிழா நடக்கும் இலையுதிர் காலத்தில் போர்ட்வாக்குக்கும் பீச் கிளப்புக்கும் எல்லோரும் முட்டிமோதுவார்கள். அவை பெரிய ரிசார்ட்டுகளும் அல்ல. தள்ளி இருக்கும் பெரிய ரிசார்ட்டில் பாயின்ட் வாங்கியவர் 7 மாதத்தில் உட்கார்ந்து தேடினால், ஸ்டுடியோ அறைகள் எப்போதோ போயிருக்கும். எங்கோ ஒரு கோபுரம் கட்டினால், அதன் உரிமையாளர்களும் 7 மாதத்தில் இதே வரிசைக்கு வந்து நிற்பார்கள். எல்லோரும் கேட்கும் இடத்தில் ஓர் அறைகூடக் கூடியிருக்காது. விற்பனையாளர் "எங்க வேணா தங்கலாம்" என்று சொல்வது பொய்யில்லை. எப்போது என்பதைத்தான் அவர் சொல்வதில்லை.

ஒரு தம்பதியைப் பற்றிச் சொல்கிறேன். நாற்பதை ஒட்டிய வயது, பள்ளிக்குப் போகும் இரண்டு குழந்தைகள். பாலினீசியனில் 150 பாயின்ட் எடுத்திருந்தார்கள். வரி விஷயமாக வந்தவர்கள், கூடவே டைம்ஷேர் காகிதங்களையும் மேசையில் வைத்தார்கள். கணவர் பெருமையாகவே சொன்னார்: "பத்திரமே நம்ம பேர்ல சார். ஆரஞ்ச் கவுன்ட்டில பதிவாகுது. வீடு மாதிரிதானே?"

பத்திரம் உண்மை, சொத்துரிமையும் உண்மை. ஆனால் அது டிஸ்னி நிலத்தின் மீதான குத்தகையில் ஒரு சிறு பங்கு. 2066-இல் முடியும். வீடு நாளாக நாளாக ஏறலாம். முடிவு தேதி உள்ள குத்தகை என்றாவது ஒருநாள் பூஜ்யத்துக்கு வந்தே தீரும். இதைச் சொன்னதும் அவர் முகம் சற்று மாறியது.

அவர் மனைவி அதற்குள் டியூஸ் விவரப் பக்கத்தைப் புரட்டிவிட்டார். ஒவ்வொரு வரியாக விரலை வைத்துப் படித்தார்: அறை சுத்தம், பராமரிப்பு, மின்சாரம், காப்பீடு, மேலாண்மைக் கட்டணம், எதிர்காலப் புதுப்பிப்புக்கான நிதி, சொத்து வரி. ஒரு வரியில் விரல் நின்றது. "போக்குவரத்தா? அந்த பஸ் ஃப்ரீன்னு சொன்னாங்களே?" பஸ்ஸில் ஏறும்போது இலவசம்தான். வருஷத்துக்கு ஒருமுறை டியூஸில் சேர்த்துக் கட்டுகிறீர்கள்.

பிறகு ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டோம். பாயின்ட்டுக்கு 200 டாலர் என்று குறைத்தே வைத்தாலும் 150 பாயின்ட் 30,000 டாலர். நேரடி விலை இப்போது அதைத் தாண்டித்தான் இருக்கிறது. டியூஸ் பாயின்ட்டுக்கு 9 டாலர் என்று வைத்தால் முதல் ஆண்டு 1,350 டாலர். ஆண்டுக்கு 4 சதவீதம் ஏறுவதாக ஓர் அனுமானம். நாற்பது ஆண்டில் கட்டும் டியூஸ் மட்டும் சுமார் 1,28,000 டாலர். நாற்பதாவது ஆண்டில் அந்த ஓர் ஆண்டுக்கே 6,200 டாலரைத் தாண்டுகிறது, அதுவும் ஓய்வுபெற்ற வயதில். கம்பெனியே தரும் கடனில் வாங்கினால் வட்டி தனி. அது வீட்டுக் கடன் வட்டியைவிடக் கணிசமாக அதிகம்.

அவர்கள் கையெழுத்துப் போட்டு எட்டு நாள்தான் ஆகியிருந்தது. ஃப்ளோரிடா டைம்ஷேர் சட்டத்தின் 721-ஆம் அத்தியாயப்படி, கையெழுத்திட்ட நாள் அல்லது ஆவணங்கள் முழுதாகக் கைக்கு வந்த நாள், எது பிந்தியதோ அதிலிருந்து 10 நாட்களுக்குள் ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை. "இந்த உரிமையை விட்டுக்கொடுக்கிறேன்" என்று எழுதி வாங்கினாலும் செல்லாது. எழுத்தில் கொடுக்க வேண்டும், அனுப்பியதற்குச் சான்று வைத்துக்கொள்ள வேண்டும். அவர்கள் ரத்து செய்யவில்லை. "வருஷா வருஷம் போகத்தான் போறோம் சார், ஊர்லேர்ந்து அப்பா அம்மா வந்தா கிச்சன் இருக்கிற வில்லாதான் சரி" என்றார் அந்தம்மா. கடன் வாங்காமல் சேமிப்பிலிருந்து கட்டுவதாக முடிவு செய்தார்கள். நான் வாதாடவில்லை. கணக்கு தெரிந்து எடுக்கும் முடிவில் எனக்குச் சண்டை கிடையாது.

ரீசேல், அதாவது ஏற்கெனவே வாங்கியவர் இன்னொருவருக்கு விற்கும் மறுவிற்பனை விஷயத்துக்கு வருகிறேன். மேலும் மேலும் கட்டுவதன் சுமை உரிமையாளர் மீது நேரடியாக இறங்குவது இங்கேதான். 2019 ஜனவரி 19 முதல் ஒரு விதி: பழைய 14 ரிசார்ட்டுகளில் ஒன்றை ரீசேலில் வாங்கினால், அந்தப் பாயின்ட்டை ரிவியராவிலும் அதன்பின் வந்த புது ரிசார்ட்டுகளிலும் பயன்படுத்த முடியாது. ரிவியராவையே ரீசேலில் வாங்கினால் ரிவியராவில் மட்டும்தான் தங்கலாம். அதாவது, நீங்கள் கம்பெனியிடம் வாங்கியதும் நாளை உங்களிடமிருந்து இன்னொருவர் வாங்குவதும் ஒரே பொருள் அல்ல. கைமாறும்போதே அதன் பயன் சுருங்கிவிடுகிறது, விலையும் கூடவே இறங்குகிறது. இந்த விதிக்குள் புதிய ரிசார்ட் ஒவ்வொன்றாக வர வர, ரீசேல் பாயின்ட் எட்டாத அறைகளும் கூடிக்கொண்டே போகும். போதாததற்கு, நீங்கள் விற்க முயலும் அதே நாளில் கம்பெனியும் பளபளக்கும் புதுக் கோபுரத்தை விளம்பரம் செய்து விற்றுக்கொண்டிருக்கும். ஆனால் ஐலண்ட் டவரைப் பழைய பாலினீசியன் சங்கத்திலேயே (அந்த ரிசார்ட் உரிமையாளர்களின் கூட்டமைப்பு) சேர்த்தார்கள். அதனால் அங்கே இந்தத் தடை இல்லை. அது நல்ல முடிவு, பாராட்டலாம்.

நஷ்டத்தில் விற்றால் வரியில் கழித்துக்கொள்ளலாமா என்று கேட்பார்கள். முடியாது. சொந்த உபயோகச் சொத்தில் வந்த நஷ்டத்தை அமெரிக்க வரித்துறையான ஐஆர்எஸ் ஏற்பதில்லை. ஆனால் பாயின்ட்டை வாடகைக்கு விட்டு வந்த பணத்தைப் பொதுவாக வருமானமாகக் காட்டியாக வேண்டும்.

விசாவில் இருப்பவர்களிடமும், ஊர் திரும்பும் எண்ணம் உள்ளவர்களிடமும் நான் கூடுதலாக ஒன்றைச் சொல்வதுண்டு. இந்தியா திரும்பி, வரிக் கணக்கில் அமெரிக்கவாசியாக இல்லாத நிலையில் இதை விற்றால், அது அமெரிக்க நிலச் சொத்து விற்பனை. பொதுவாக விற்பனைத் தொகையில் 15 சதவீதத்தைப் பிடித்து ஐஆர்எஸ்ஸுக்கு அனுப்புவார்கள். நஷ்டத்துக்கு விற்றாலும் பிடிப்பார்கள். அதைத் திரும்பப் பெற, அமெரிக்கவாசி அல்லாதவர்களுக்கான 1040-என்ஆர் வரிப் படிவம் போட வேண்டும். இந்திய வரிச் சட்டப்படி முழுமையான உள்ளூர்வாசியாகிவிட்டால் அங்குள்ள வரிக் கணக்கிலும் வெளிநாட்டுச் சொத்தாகக் காட்ட வேண்டும். உரிமையாளர் இறந்துவிட்டால், வேறு மாநிலத்தில் வசித்த குடும்பமும் ஃப்ளோரிடா நீதிமன்றத்தில் தனியாக வாரிசு நடவடிக்கை எடுக்க நேரலாம். விற்பனை அறையில் மிக்கி பொம்மையைக் குழந்தை கையில் கொடுக்கும்போது இதையெல்லாம் யாரும் பேசமாட்டார்கள். பேச வேண்டியது அவர்கள் வேலையும் அல்ல.

லேக்‌ஷோர் லாட்ஜை 2027-இல் திறப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். விற்பனை ஆவணம் கைக்கு வந்ததும் படங்களைத் தள்ளிவிட்டு மூன்று இடங்களைப் பாருங்கள்: அது தனிச் சங்கமா அல்லது பழைய சங்கத்தோடு சேர்ந்ததா, குத்தகை எந்த ஆண்டு முடிகிறது, ரீசேலில் வாங்குபவருக்கு என்ன தடை. அதே நாளில் போர்ட்வாக்கோ சரடோகாவோ ரீசேலில் என்ன விலைக்குப் போகிறது என்றும் பார்த்துவிடுங்கள். அந்தப் பழைய ஒப்பந்தத்தின் விலையை மீதமுள்ள ஆண்டுகளால் வகுத்தும், புதியதன் விலையை அதன் ஆண்டுகளால் வகுத்தும் ஒப்பிட்டால், இரண்டில் எது மலிவு என்று உங்களுக்கே தெரியும். இரண்டுமே வேண்டாம், வாடகைக்குப் பாயின்ட் எடுத்து ஒருமுறை தங்கிப் பார்க்கிறோம் என்று முடிவு செய்வதும் நல்லதே. உறுப்பினர்களிடமிருந்து அப்படி வாடகைக்கு எடுக்கலாம், டியூஸ் அவர்கள் கட்டுவார்கள்.