ஐடென்டிட்டி: அனுப்புநர் அடையாளம்

கோத்தகிரியில் ஒருவர் தேயிலைத் தூள் விற்கிறார், வீட்டு மாடியைச் சுற்றுலா வருபவர்களுக்கு வாடகைக்கும் விடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மே மாத சீசனுக்கு அறை கேட்டு எழுதியவருக்கு, 'டீத்தூள் மொத்த விற்பனை' என்ற கையொப்பத்தோடு பதில் போனால் அவர் குழம்பத்தான் செய்வார். தண்டர்பேர்ட், கேமெயில் போன்ற மின்னஞ்சல் மென்பொருள்களில் உள்ள 'ஐடென்டிட்டி' இதற்கான ஏற்பாடு. அனுப்புபவரின் பெயர், முகவரி, பதில் வந்து சேரவேண்டிய முகவரி, கையொப்பம் எல்லாம் சேர்ந்த தொகுப்பு அது. ஒரே கணக்கில் இப்படிப் பல தொகுப்புகளை வைத்துக்கொள்ளலாம்.

இதைத் தமிழில் எப்படிச் சொல்வது? சொல்லின் வேர் லத்தீன். 'ஐடெம்' என்றால் 'அதே'. அதிலிருந்து 'ஐடென்டிடாஸ்' பிறந்து, 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தது. முதற்பொருள் 'ஒன்றாகவே இருத்தல்'. நம் கணக்குப் பாடநூல்கள் 'முற்றொருமை' என்று எழுதுவது இந்தப் பொருளில்தான். அஞ்சலில் நடப்பதோ நேர்மாறு: ஆள் ஒருவர், தோற்றம் பல. அதனால் முற்றொருமை இங்கே உதவாது. பிறர் பார்த்து 'இன்னார்' என்று தெரிந்துகொள்ளும் குறி என்பதால் 'அடையாளம்' சரியாக உட்காருகிறது. வாக்காளர் அடையாள அட்டையில் ஏற்கெனவே பழகிய சொல்தானே. 'சுயவிவரம்' வேண்டாம். தண்டர்பேர்டில் புரொஃபைல் என்பது அஞ்சல்களும் அமைப்புகளும் மொத்தமாகச் சேமிக்கப்படும் கோப்புறை. 'கணக்கு' என்பதும் வேறு; அது கடவுச்சொல் போட்டுத் திறக்கும் பெட்டி.

தனியாக 'அடையாளம்' என்றால் எதன் அடையாளம் என்ற கேள்வி வரும். பள்ளியில் கடிதம் எழுதிப் பழகிய 'அனுப்புநர்' கைகொடுக்கிறது. (ஓட்டுநர், இயக்குநர் போல 'நர்'தான், 'அனுப்புனர்' பிழை.) இதில் ஒரு சிக்கலும் உண்டு. மின்னஞ்சல் வடிவத்தை வகுக்கும் 2008ஆம் ஆண்டின் ஆர்எஃப்சி 5322 என்ற இணையத் தர ஆவணம், எழுதியவருக்கு 'ஃப்ரம்' வரியையும், உண்மையில் அனுப்பி வைத்தவருக்கு 'சென்டர்' (அனுப்புநர்) வரியையும் ஒதுக்குகிறது. முதலாளிக்காக எழுத்தர் அனுப்பினால் இரண்டும் வேறாகும். ஐடென்டிட்டி நிரப்புவது 'ஃப்ரம்' வரியை. கறாராகப் பார்த்தால் 'எழுதுநர் அடையாளம்' என்றுகூடச் சொல்லலாம், ஆனால் அது யாருக்கும் புரியாது. 'அனுப்புநர் அடையாளம்' என்பதே என் தேர்வு.

'அலியாஸ்' இதோடு அடிக்கடி குழம்பும். அது அதே பெட்டிக்கு அஞ்சல் வந்து விழும் இன்னொரு முகவரி. 'மாற்று முகவரி' போதும். அது வரும் வழி, அடையாளம் போகும் முகம்.

தண்டர்பேர்டில் கணக்கு அமைப்புகளுக்குள் 'மேனேஜ் ஐடென்டிட்டீஸ்' என்ற பொத்தான் இருக்கும். அதில் புதிதாகச் சேர்த்துவிட்டால், கடிதம் எழுதும்போது 'ஃப்ரம்' பட்டியலில் தேர்ந்துகொள்ளலாம். பதில் எழுதினால், எந்த முகவரிக்குக் கடிதம் வந்ததோ அதற்குரிய அடையாளத்தை அதுவாகவே எடுத்துக்கொள்ளும். ஜிமெயிலில் இதே வேலையைச் செய்வது 'சென்ட் மெயில் ஆஸ்'. சேர்க்கும் முகவரி உங்களுடையதுதானா என்று அங்கே ஓர் உறுதிக்குறியீடு அனுப்பிச் சரிபார்ப்பார்கள். அடுத்தவர் முகவரியைச் சும்மா போட்டுக்கொள்ள முடியாதா? தண்டர்பேர்டில் தட்டச்சு செய்யலாம்தான். ஆனால் அனுப்பும் சர்வரே மறுக்கலாம். தப்பிப் போனாலும், அஞ்சல் உரிய இடத்திலிருந்துதான் வந்ததா என்று பெறும் சர்வர் பார்க்கும் எஸ்பிஎஃப், டிகேஐஎம் சோதனைகளில் மாட்டி ஸ்பாமில் விழ வாய்ப்பு அதிகம்.