கீச்சான் வளர்த்த பிரபு

“பறவை வளர்த்தே ஒருவர் பிரான்ஸ் நாட்டுப் படைக்குத் தலைவர் ஆனாராமே, நிஜமா?” என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். நிஜம்தான். அவர் பெயர் ஷார்ல் தால்பேர், லுயின் பிரபு. எனக்கு அவரைவிட அவர் கையிலிருந்த கீச்சான் என்ற பறவைமேல்தான் ஆசை அதிகம். இருந்தாலும் முதலில் ஆளைப் பார்த்துவிடுவோம்.

1578இல் தெற்கு பிரான்ஸில், பெரிய செல்வாக்கு இல்லாத குடும்பத்தில் பிறந்தவர். 1610இல் நான்காம் ஆன்றி மன்னர் குத்திக் கொல்லப்பட்டதும், எட்டு வயது மகன் பதின்மூன்றாம் லூயி அரியணை ஏறினான். ஆட்சி தாய் மரி தெ மெடிசியிடம் இருந்தது. அவருக்கு நெருக்கமான இத்தாலியர் கொன்சீனி வைத்ததுதான் சட்டம். திக்கித் திக்கிப் பேசும் சிறுவன் ராஜாவை யாரும் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. அவனுக்கோ வேட்டைப் பறவைகள் என்றால் உயிர். அவற்றைப் பழக்கிக் கொடுத்தவர், அவனைவிட 23 வயது மூத்த லுயின்.

1617 ஏப்ரல் 24 அன்று லூவ்ர் அரண்மனையில் கொன்சீனி சுட்டுக் கொல்லப்பட்டார். அந்தத் திட்டத்தில் லுயினுக்கும் பங்கு உண்டு. 1619இல் டியூக் பட்டம் வந்தது. 1621இல் ‘கான்ஸ்டபிள்’ பதவி. நம் ஊர்க் காவல் நிலையக் கான்ஸ்டபிள் என்று நினைத்துவிட வேண்டாம், அங்கே அது படைத்தலைமைப் பதவி.

சரி, பறவைக்கு வருவோம். அரண்மனைகளில் ராஜாளி வைத்து வேட்டையாடுவது வழக்கம்தான். லுயின் அதோடு சாம்பல்நிறப் பெரிய கீச்சானையும் குருவி பிடிக்கப் பழக்கினார். எடை அறுபது, எழுபது கிராம்தான். ராஜாளியின் நகங்கள் அதற்கில்லை. காக்கையோடு சேர்த்து வகைப்படுத்தப்படும் பாடும் பறவை அது. கால்கள் கிளையைப் பற்றிக்கொள்ள உதவுமே தவிர, இரையை இறுக்கிக் கொல்லப் போதாது. அப்படியிருந்தும் தன் எடையில் பாதிக்கு மேல் இருக்கும் இரையைக்கூட வீழ்த்திவிடுகிறது.

எப்படி? அலகைப் பாருங்கள். மேல் அலகின் நுனி கொக்கிபோல் வளைந்திருக்கும். அந்த வளைவுக்குச் சற்றுப் பின்னால், இரு பக்கமும் பல்போல ஒரு சிறு கூர்முனை. இதே அமைப்பு ராஜாளிக்கும் உண்டு. இரண்டும் நெருங்கிய சொந்தம் கிடையாது. ஒரே மாதிரி வேலை, பரிணாமத்தில் தனித்தனியாக இரண்டு இடத்தில் ஒரே மாதிரிக் கருவியைச் செதுக்கியிருக்கிறது. கீச்சான் இரையின் பிடரியைக் கவ்வும். பல் கழுத்தெலும்புகளுக்கு நடுவே இறங்கித் தண்டுவடத்தைச் சிதைக்கும்.

கடி மட்டும் போதாது. அடுத்து நடப்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். கலிபோர்னியாவை ஒட்டிய சான் கிளெமெண்டே தீவில், அழியும் நிலையிலுள்ள கீச்சான் இனமொன்றைக் கூண்டில் வைத்துப் பெருக்குகிறார்கள். அங்கே அவை எலி பிடிப்பதை அதிவேகக் கேமராவில் பதிவு செய்து, 2018இல் முடிவுகளை வெளியிட்டார்கள். இரையின் கழுத்தைக் கவ்விய கீச்சான், தலையையும் உடலையும் முறுக்கி அதை உதறுகிறது. ஒரு விநாடிக்கு ஏறத்தாழ 11 முறை! உதறும்போது எலியின் உடல் படும் முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல ஏறக்குறைய 6 மடங்கு. தலை ஒரு வேகத்தில் திரும்ப, கனமான உடல் நிலைமத்தால் பின்தங்குகிறது. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்வது கழுத்து. நின்றிருக்கும் காரைப் பின்னாலிருந்து இன்னொரு கார் இடித்தால் நம் கழுத்து வெடுக்கென்று ஆடுமே, அதே இயற்பியல். பள்ளியில் படித்த நியூட்டனின் முதல் விதிதான், ஒரு குருவியின் வாயில்.

இப்படி ஓர் ஆய்வுக்கு நம் ஊரில் பணம் கேட்டால் “இதனால் என்ன லாபம்?” என்பார்கள். அந்தத் தீவில் கீச்சானைக் காப்பாற்றப் பணம் ஒதுக்கியதால்தான் இந்த அறிவும் சேர்ந்து வந்தது. புதர்க்காட்டுப் பறவைகளைப் பத்து வருடம் உட்கார்ந்து பார்க்க இளைஞர்களுக்குச் சம்பளம் கொடுங்கள் என்று நான் சொல்லிக்கொண்டேதான் இருப்பேன்.

சீமைக்கருவேலப் புதரில் ஒருமுறை நானே பார்த்தேன். விரல் நீள முள்ளில் ஒரு வெட்டுக்கிளி, மார்பில் குத்தி நின்றது. பின்னங்கால் ஒன்று இன்னும் மெல்ல உதைத்துக்கொண்டிருந்தது. பக்கத்துக் கிளையில் கீச்சான். பிடித்துக்கொள்ளக் காலில் வலு இல்லாததால் முள்ளைக் கையாக்கிக்கொள்கிறது: குத்தி வைத்துக் கிழிக்கும், மிச்சத்தைச் சேமிக்கும். அமெரிக்கக் கீச்சான் ஒருவகை நச்சு வெட்டுக்கிளியைக் குத்திவைத்து, ஓரிரு நாளில் நஞ்சு சிதைந்தபின் தின்கிறது. லத்தீனில் இதற்குக் ‘கசாப்புக்காரன்’ என்று பெயர் வைத்தது சும்மா இல்லை.

இவ்வளவு சூரமான பறவையை மனிதன் கைக்கு வரவைப்பது எப்படி? வேட்டைப் பறவையை அடித்துப் பழக்க முடியாது. அடித்தால் அப்புறம் கிட்டவே வராது. லேசான பசி இருக்கும்படி எடையைக் கவனித்து, கைக்கு வந்தால் ஒரு துண்டு இறைச்சி. முதலில் ஒரு அடி தூரம், பிறகு பத்து அடி, கயிறு கட்டி, கடைசியில் கயிறில்லாமல். வந்தால் நல்லது கிடைக்கும் என்று பறவை கற்றுக்கொள்கிறது. வெகுமதியால் நடத்தை வலுப்படுவதைப் பிற்காலத்தில் உளவியலாளர்கள் ஆய்வகத்தில் அளந்து காட்டினார்கள். பறவை பழக்குபவர்களுக்கு அது கைப்பழக்கமாகவே தெரிந்திருந்தது.

மறுபடி அரண்மனைக் கதைக்கு வருவோம். கொன்சீனி கொல்லப்பட்டபின் அவர் மனைவி லியோனோரா கலிகாய்க்குச் சூனியக்காரி என்று பட்டம் கட்டினார்கள். ராஜாவின் தாய் ராணி மரியை மந்திரத்தால் மயக்கினாராம். 1617 ஜூலை 8 அன்று தலையை வெட்டி, உடலை எரித்தார்கள். அவர் ராணியின் சிறுவயதுத் தோழி. கூடவே வளர்ந்தவள் சொல்வதைக் கேட்க மந்திரம் எதற்கு? நம் ஊரில் இன்றும் செய்வினை, ஏவல் என்று சொல்லி யாரையாவது அடித்துத் துரத்தும் செய்தியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தப் பெண்ணின் நினைவு வரும்.

கொன்சீனி தம்பதியின் சொத்தில் பெரும்பங்கு லுயினுக்குப் போனது. அதை அவர் ரொம்ப நாள் அனுபவிக்கவில்லை. 1621இல் அவர் தலைமையில் நடந்த மொந்தோபான் நகர முற்றுகை தோல்வியில் முடிந்தது. அரசனுக்கும் அவர்மேல் சலிப்புத் தட்ட ஆரம்பித்திருந்தது. அந்த டிசம்பர் 15 அன்று, போர்முனையிலேயே, உடம்பில் செம்புள்ளி படரும் காய்ச்சலில் இறந்தார். கொன்சீனியிடமிருந்து அவருக்கு வந்த அன்க்ர் என்ற ஊருக்கு அவர் குடும்பப் பெயரையே வைத்தார்கள். வடக்கு பிரான்ஸில் அந்த ஊர் இன்றும் ஆல்பேர்தான்.