குப்பையை அள்ளியும் ஆறு ஏன் நாறுகிறது?

பத்துமலைப் பக்கமிருந்து வரும் பத்து ஆறு கோம்பாக் ஆற்றில் சேர்ந்து, கோலாலம்பூரின் மஸ்ஜித் ஜாமெக் அருகே கிள்ளான் ஆற்றில் கலக்கிறது. குடியிருப்பாளர்கள் கூடி ஒரே காலையில் மூட்டை மூட்டையாகப் பிளாஸ்டிக்கை அள்ளினால் கரை பளிச்சென்று ஆகிவிடும். நாற்றம் மட்டும் அப்படியே இருக்கும். மலேசிய நீர்த்தரக் குறியீட்டை 6 அளவுகளைக் கொண்டு கணக்கிடுகிறார்கள். அதிக மதிப்பு கரைந்த ஆக்சிஜனுக்குத்தான். மிதக்கும் குப்பை அந்தக் கணக்கிலேயே வராது.

30 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் நீரில் சுமார் 7.5 மில்லிகிராம் ஆக்சிஜன்தான் கரையும். ஒரு கிலோ சமையல் எண்ணெய் முழுதாகச் சிதைய ஏறக்குறைய 2.9 கிலோ ஆக்சிஜன் தேவை. அதாவது, சுமார் 387,000 லிட்டர் நீரில் உள்ள மொத்த ஆக்சிஜன்! காற்றிலிருந்து புதிதாகக் கரைவதால் அத்தனையும் ஒரேயடியாகத் தீராது. ஆனால் தீர்ந்த இடத்தில், ஆக்சிஜன் இல்லாமல் வாழும் பாக்டீரியா பெருகி, நீரிலுள்ள சல்பேட்டை ஹைட்ரஜன் சல்ஃபைடாக மாற்றும். அழுகிய முட்டை வாடை அங்கிருந்துதான் வருகிறது.

உணவுக்கடைகளின் எண்ணெய் கால்வாய் வழியாகத்தான் ஆற்றுக்கு வருகிறது. ஆகவே வேலை ஆற்றங்கரையில் அல்ல, அந்தக் கடைகளின் பின்சந்தில் தொடங்க வேண்டும். பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே இருக்கும், எண்ணெயைப் பிரித்துப் பிடிக்கும் தொட்டியான கிரீஸ் டிராப்பின் முதல் அறையில் ஒரு கூடை சோற்றையும் காய்கறித் துண்டுகளையும் பிடிக்கும். அடுத்த அறையில் தண்ணீர் வேகம் குறைந்து நிற்க, எண்ணெய் மேலே மிதக்கும், வண்டல் அடியில் தங்கும். வெளியேறும் குழாயின் வாய் எண்ணெய்ப் படலத்துக்குக் கீழே இருப்பதால் இடைப்பட்ட நீர் மட்டுமே வெளியேறும்.

பெரும்பாலும் கெடுவது பராமரிப்பில்தான். கூடையைத் தினமும் கொட்ட வேண்டும். மேலே உள்ள எண்ணெயும் அடியில் உள்ள வண்டலும் சேர்ந்து தொட்டி ஆழத்தில் கால்பங்கை எட்டினால் இரண்டையும் வாரி, பையில் கட்டி அப்புறப்படுத்த வேண்டும். சிலர் கொதிநீரும் சோப்பும் ஊற்றிக் 'கழுவுகிறார்கள்'. அப்போது எண்ணெய் நுண்துளிகளாக உடைந்து நீரோடு கலந்து நேரே கால்வாய்க்குப் போய்விடும். வெளியே குளிர்ந்ததும் கட்டியாகி ஒட்டும். வாளியில் அள்ளியதைக் கால்வாயிலேயே கொட்டினால் தொட்டி இருந்தும் பயனில்லை. பொரித்த எண்ணெயைத் தனி டின்னில் சேர்த்து, பழைய எண்ணெய் வாங்குபவரிடம் கொடுத்துவிடலாம்.

நீரைச் சுத்தப்படுத்த 2009-இல் பினாங்கில் கூட்டமாக வீசிய நுண்ணுயிர் மண் உருண்டைகளை இன்றும் பலர் பரிந்துரைக்கிறார்கள். அவற்றிலுள்ள தவிடும் வெல்லப்பாகும் ஆக்சிஜனைத் தின்னும் கரிமப் பொருள்களே. எண்ணெய் வரத்து நிற்காத கால்வாயில் அவற்றை வீசச் சொல்ல மாட்டோம்.

பலன் தெரிய, கால்வாய் ஆற்றில் விழும் இடத்துக்குச் சற்று மேலேயும், நீர் நன்றாகக் கலந்தபின் கீழேயும் ஒரே நேரத்தில் ஆக்சிஜனை அளவிடுங்கள். விடியற்காலையே நல்லது, பகலில் பாசி வெளியிடும் ஆக்சிஜன் அளவை உயர்த்திக் காட்டிவிடும். புட்டியை நீருக்கடியிலேயே நிரப்பி, குமிழி இல்லாமல் அங்கேயே மூடுங்கள். மழை பெய்த மறுநாள் அளவைச் சாதாரண நாள் அளவோடு ஒப்பிடாதீர்கள். கீழே மட்டும் எண் குறைந்தால், அந்தக் கால்வாயைப் பிடித்து மேலே நடந்து, ஒவ்வொரு கிளையிலும் கிரீஸ் படிந்திருக்கிறதா என்று பாருங்கள்.