முகவரியைக் கொடுக்காமல் வேலை வாங்குவது

அம்பாறைப் பக்கத்து நெல் ஆலை ஒன்றுக்கு சி மொழியில் கையிருப்புக் கணக்கு எழுதுகிறீர்கள் என்று வையுங்கள். மூட்டை எத்தனை, மொத்த எடை எவ்வளவு என்பதை ஒரு ஸ்ட்ரக்டில் (பல விவரங்களை ஒன்றாகக் கட்டி வைக்கும் அமைப்பில்) போட்டு, மற்றப் பகுதிகளும் சேர்த்துக்கொள்ளும் ஹெடர் கோப்பில் எல்லோருக்கும் திறந்து வைத்துவிட்டீர்கள். பில் போடும் பகுதியை எழுதுகிறவர் அவசரத்தில் மூட்டையை மட்டும் நேரே குறைத்துவிடுவார். எடை அப்படியே கிடக்கும். பின்னேரம் கணக்கு உதைக்கும்.

இதற்கு சி மொழியிலேயே வழி உண்டு. ஹெடரில் 'ஸ்ட்ரக்ட் களஞ்சியம்;' என்று பெயரை மட்டும் அறிவித்துவிட்டு, உள்ளே இருப்பதை உங்கள் கோப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள். மற்றவர்கள் கையில் பொயின்டர், அதாவது நினைவகத்தில் அது இருக்கும் இடத்தின் முகவரி, மட்டும்தான் இருக்கும். 64 பிட் கணினியில் 8 பைட். அது சுட்டுகிற பொருளின் அளவுகூட, புரோகிராமை இயந்திர மொழிக்கு மாற்றுகிற கம்பைலருக்குத் தெரியாது என்பதால், யாராவது 'களஞ்சியம்->மூட்டை' என்று கை வைத்தால் கம்பைல் ஆகாது. நீங்கள் எழுதிய ஃபங்ஷன் வழியாகத்தான் மூட்டை வெளியே போகும். அது எடையையும் சேர்த்தே குறைக்கும்.

இணையத் தொடர்பை மறையாக்கம் செய்ய உதவும் நூலகமான ஓப்பன்எஸ்எஸ்எல், 2016இல் வந்த அதன் 1.1.0 பதிப்பில், தன் ஸ்ட்ரக்டுகள் பலவற்றை இப்படித்தான் மூடியது. நேரே தொட்டுப் பழகிய புரோகிராம்கள் கம்பைல் ஆகாமல் நின்றன. திட்டு விழுந்தாலும் சரியான முடிவு என்றுதான் சொல்வேன்.

ஆனால் இதைப் பூட்டென்று நம்பிவிடக் கூடாது. பொயின்டரில் இருப்பது உண்மையான முகவரி. காஸ்ட் பண்ணினால் (வேறு வகைப் பொயின்டராக மாற்றினால்) அங்கே இருப்பதை வாசிக்கலாம், மாற்றியும் எழுதலாம். வேண்டுமென்றே நோண்டுகிறவனுக்கு முகவரியையே கொடுக்கக் கூடாது. லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கேர்னல் அப்படித்தான் செய்கிறது. கோப்பைத் திறந்தால் வெறும் எண்ணைத் தரும். 0, 1, 2 ஏற்கெனவே உள்ளீட்டுக்கும் வெளியீட்டுக்கும் பிழைச்செய்திக்கும் போய்விடுவதால், வழக்கமாக உங்களுக்குக் கிடைப்பது 3. மாமாங்கத் திருவிழாவில் சைக்கிளை பார்க்கில் விட்டால் தருகிற துண்டு மாதிரி: நம்பரைப் பார்த்து சைக்கிள் நிற்கிற இடத்தைச் சொல்ல முடியாது, இடம் மாற்றி வைத்தாலும் துண்டு செல்லும்.

உண்மையான பொயின்டர் கேர்னலுக்குள், அந்தப் புரோகிராமுக்கென்றே உள்ள அட்டவணையில் இருக்கிறது. நீங்கள் வாசிக்கக் கேட்கும்போதெல்லாம் அந்த எண்ணுக்குரிய இடம் நிரம்பியிருக்கிறதா, கோப்பு வாசிக்கத்தான் திறக்கப்பட்டதா என்று கேர்னல் பார்க்கும். மனம்போனபடி 57 என்று கொடுத்தால் பிழைதான் திரும்பி வரும். அட்டவணையைப் பார்த்துப் போவதால் ஒரு தாவல் கூடுதலாகிறது, உண்மைதான். நெல் ஆலைக் கணக்கில் அது யாருக்கும் தெரியப்போவதில்லை.

பழைய எண்ணில்தான் சிக்கல். 3ஐ மூடிவிட்டு வேறொரு கோப்பைத் திறந்தால், காலியாக உள்ள மிகச் சிறிய எண் என்பதால் திரும்பவும் 3 வரும். பழைய 3ஐ மறக்காத பகுதி ஏதாவது இருந்தால் புதுக் கோப்பில் போய் எழுதிவிடும். கேர்னலுக்கு அதில் குற்றமே தெரியாது. நீங்களே அட்டவணை அமைக்கிறீர்களா? அப்போ ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு தலைமுறை எண் வையுங்கள். இடம் காலியாகும்போதெல்லாம் அதை ஒன்று கூட்டுங்கள். வெளியே கொடுக்கிற எண்ணில் இட எண், தலைமுறை இரண்டும் இருக்கட்டும். பொருந்தாவிட்டால் திருப்பி அனுப்பலாம். 32 பிட் எண்ணில் தலைமுறைக்கு 12 பிட் ஒதுக்கினால், ஒரே இடம் 4096 தடவை கைமாறியதும் பழைய எண் மறுபடி செல்லுபடியாகிவிடும். அந்த ஓட்டையும் உறுத்தினால் 64 பிட்டுக்குப் போய்விடுங்கள்.