தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியலாமா? பழைய கெப் சூடேறுவது ஏன்?

கொழும்பில் பழைய கெப், அதாவது பிக்கப் வண்டி, வைத்திருக்கும் ஒருவர் எஞ்சின் சூடாகிறது என்று வாய் திறந்தால் போதும், ஒரு வைத்தியம் உடனே வந்துவிடும்: "தெர்மோஸ்டாட்டைக் கழற்றி விடுங்கோ, இது என்ன குளிர்நாடா?" கராஜிலும் சொல்வார்கள், பக்கத்து வீட்டுக்காரரும் சொல்வார். எஞ்சின் போதிய அளவு சூடாகும்வரை, தண்ணீரை ஆறவைக்கும் ரேடியேட்டருக்கு அதை விடாமல் பிடித்து வைக்கும் வால்வுதான் தெர்மோஸ்டாட். கழற்றிய பிறகு சில நாள் வெப்பநிலை காட்டும் ஊசி கீழேயே நிற்கும், எல்லாருக்கும் திருப்தி. ஆனால் நோய் அப்படியே இருக்கும். கூடவே புதிதாக இன்னொரு நோயும் சேர்ந்திருக்கும்.

இதைப் பேச வேண்டிய காலம் இது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 தொடக்கத்தில்தான் தனியார் வாகனங்களுக்கு மறுபடி வழி திறந்தது, அப்போதும் விலை சாதாரணமானவர் தொடும் உயரத்தில் இல்லை. அதனால் 1990களின் ஹைலக்ஸும் எல்200ம் இசுசுவும் இன்னமும் புறக்கோட்டையில் மூட்டை ஏற்றுகின்றன. அவற்றைக் கொல்வது பெரும்பாலும் வயது இல்லை, ஒரே ஒரு நாள் அளவுக்கு மீறி ஏறிய சூடு. அந்த ஒரு நாளைத் தவிர்க்க வேண்டிய வேலைகளில் முக்கால்வாசியை வீட்டு வாசலிலேயே செய்துகொள்ளலாம். எது எதற்காக இருக்கிறது என்று தெரிந்திருந்தால் போதும்.

முதலில் சூட்டின் அளவு. ஒரு லீட்டர் டீசலில் ஏறத்தாழ 36 மெகாஜூல் ஆற்றல் இருக்கிறது. பழைய எஞ்சினில் அதில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்தைச் சுற்றும் வேலையாக மாறுகிறது. இன்னொரு பங்கு புகையோடு போகிறது. மிச்சத்தில் பெரும்பகுதி எஞ்சினைச் சுற்றி ஓடும் தண்ணீரில் ஏறுகிறது. பாரத்தோடு மலை ஏறும்போது மணிக்கு 10 லீட்டர் எரிந்தால், தண்ணீர் சுமக்க வேண்டியது சுமார் 30 கிலோவாட். வீட்டு மின்கேத்தல்கள் பதினைந்தை ஒரே நேரத்தில் இடைவிடாமல் கொதிக்க வைப்பதற்குச் சமம் இது. டொயோட்டாவின் 2எல், 3எல் போன்ற பழைய டீசல்களில் எரிதல் முதலில் எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டுக்குள் உள்ள ஒரு சிறிய சுழலறையில் தொடங்கி, ஒடுக்கமான வாய் வழியாகச் சீறி வெளியேறுகிறது. அந்த வாயில் உராயும் நெருப்பு ஹெட்டுக்கு இன்னும் கூடுதல் சூட்டைக் கொடுக்கும். அந்த எஞ்சின்கள் குளிரூட்டலில் கவனம் கேட்பதற்கு ஒரு காரணம் இது.

சூடு மீறினால் என்ன ஆகும்? மிட்சுபிஷி எல்200 கெப்பில் வந்த 4டி56 எஞ்சினைப் பாருங்கள். அடிப்பகுதி வார்ப்பிரும்பு, மேலே ஹெட் அலுமினியம். வெப்பநிலை 100 பாகை ஏறினால் 45 சென்டிமீட்டர் நீள அலுமினியம் சுமார் 1 மில்லிமீட்டர் நீளும். அதே நீள இரும்பு அதில் பாதிதான் நீளும். இரண்டையும் போல்ட் போட்டு இறுக்கி, நடுவில் கசிவைத் தடுக்க ஒரு கஸ்கட் வைத்திருக்கிறோம். வழக்கமான சூட்டில் கஸ்கட் இந்த வித்தியாசத்தைத் தாங்கும்படிதான் செய்திருக்கிறார்கள். அதற்கு மேலே ஹெட் வளையும், கஸ்கட் ஊதும், சில நேரம் ஹெட்டிலேயே வெடிப்பு விழும். அப்புறம் ரேடியேட்டருக்குள் குமிழி, வெள்ளைப் புகை, ஒயிலில் தண்ணீர். பெரிய செலவு தொடங்குகிற இடம் அதுதான்.

இனி, மலிவான ஒரு பொருளுக்கு வருவோம். ரேடியேட்டர் மூடி. தண்ணீர் சிந்தாமல் இருக்கத்தான் மூடி என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது ஒரு அழுத்த வால்வு. மூடியின் மேல் 0.9 அல்லது 1.1 என்று ஓர் எண் அடித்திருக்கும். வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேலே ஏறத்தாழ அத்தனை பார் வரை உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைத்திருப்பேன் என்பது அதன் பொருள். அழுத்தம் கூடினால் கொதிநிலை கூடும். வெறும் தண்ணீர் கொழும்பில் திறந்த பாத்திரத்தில் 100 பாகையில் கொதிக்கும். 0.9 மூடிக்குள் அதே தண்ணீர் கொதிக்க ஏறக்குறைய 118 பாகை வேண்டும்.

இப்போது அதே கெப் அவிசாவளை, ஹட்டன் வழியாக நுவரெலியாவுக்கு மரக்கறி ஏற்றப் போகிறது என்று வையுங்கள். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,868 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் குறைவு, தண்ணீர் 94 பாகைக்கு அருகிலேயே கொதித்துவிடும். எஞ்சின் நல்ல ஆரோக்கியத்தோடு ஓடும்போதே உள்ளே 85 முதல் 95 பாகை வரை இருக்கும். ரப்பர் வெடித்த மூடியோடு அந்த மலை ஏறினால், வேறு எந்தக் கோளாறும் இல்லாமலே கொதித்து வழிவதற்கு எல்லா நியாயமும் உண்டு. மூடி சரியாக இருந்தால் அதே உயரத்திலும் 115 பாகை வரை இடம் இருக்கிறது. அந்த இருபது பாகைதான் நம் பாதுகாப்பு. உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் ஒரு மூடியின் விலையையும், ஹெட் கஸ்கட் மாற்றும் செலவையும் கேட்டுப் பார்த்தால், சந்தேகப்படும் மூடியை யாரும் ஒரு நாள்கூட வைத்திருக்க மாட்டார்கள். எஞ்சின் ஆறிய பிறகு கழற்றி ரப்பர் வளையத்தைப் பாருங்கள். தடித்து, வெடித்து, விளிம்பில் பள்ளம் விழுந்திருந்தால் அது முடிந்தது. மூடியின் நடுவில் ஒரு குட்டி வால்வு இருக்கும். எஞ்சின் ஆறும்போது பக்கத்துப் போத்தலில் வழிந்து நிற்கும் கூலன்டை, அதாவது எஞ்சினைக் குளிர்விக்கும் திரவத்தை, திரும்ப உள்ளே இழுக்க விடுவது அதன் வேலை. காலையில் மேல் ஹோஸ் சப்பிக் கிடந்தால் அந்த வால்வு ஒட்டிப்போயிற்று என்று அர்த்தம்.

சூடான எஞ்சினில் மூடியைத் திறக்கவே கூடாது. இதைக் கணக்காகச் சொல்கிறேன். 115 பாகையில் 10 லீட்டர் தண்ணீர் அழுத்தத்தால் மட்டும் கொதிக்காமல் இருக்கிறது. மூடி திறந்ததும் அழுத்தம் போய்விடும், தண்ணீர் 100 பாகைக்கு இறங்கியாக வேண்டும். இறங்கும்போது அதில் வெறும் 3 சதவீதத்துக்கும் குறைவான பங்குதான் ஆவியாகும். ஆனால் அந்தச் சிறு பங்கே 400 லீட்டருக்கும் மேல் நீராவி. அது கொதிநீரையும் தள்ளிக்கொண்டு உங்கள் முகத்துக்கு வரும். பேஸ்லைன் வீதியில் பின்னால் எத்தனை பேர் ஹோர்ன் அடித்தாலும், ஓரம் கட்டி நிறுத்தி ஆறும்வரை காத்திருங்கள். கொதிக்கும் எஞ்சினில் பச்சைத் தண்ணீரை ஊற்றவும் வேண்டாம்.

சரி, சூடு எப்போது ஏறுகிறது என்பதைக் கவனித்தாலே கோளாறின் பாதி தெரிந்துவிடும். நெரிசலில் ஊசி ஏறி, ஓட ஆரம்பித்ததும் இறங்கினால் குற்றவாளி காற்றுதான், தண்ணீரைச் சந்தேகிக்க வேண்டாம். நின்றபடி ஓடும் டீசல் மணிக்கு ஒரு லீட்டர்கூட எரிக்காது, அதனால் வெப்பமும் கொஞ்சம்தான். ஆனால் ஓடும்போது தானாக வரும் காற்று அப்போது இல்லை. எல்லாம் ஃபேனின் கையில்.

பழைய கெப்களில் ஃபேன் பெல்ட்டோடு சுற்றினாலும் நேரடியாகப் பூட்டப்பட்டிருக்காது. நடுவில் விரல் விரலாக வரிகள் கொண்ட ஓர் அலுமினியக் கிளட்ச் இருக்கும். அதன் முன்பக்கத்தில் ஒரு சிறு சுருள் தெரியும். இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்த சுருள் அது. ரேடியேட்டரைத் தாண்டி வரும் காற்று சூடாக இருந்தால் சுருள் முறுக்கிக்கொண்டு உள்ளே ஒரு வால்வைத் திறக்கும். சேமிப்பறையில் இருக்கும் கெட்டியான சிலிக்கோன் எண்ணெய் இரண்டு தட்டுகளுக்கு இடையிலான நுண்ணிய பள்ளங்களுக்குள் பாயும், அதன் பிசுபிசுப்பே ஃபேனை இழுத்துச் சுற்றும். காற்று குளிர்ந்தால் எண்ணெய் திரும்பப் போய்விடும், ஃபேன் தளர்ந்து ஓடும். காலையில் முதல் ஸ்டார்ட்டில் ஒரு நிமிடம் விமானம் போல இரைச்சல் கேட்டால் பயப்பட வேண்டாம். இரவெல்லாம் நின்றதில் எண்ணெய் தட்டுகளுக்கிடையில் தங்கியிருந்தது, அவ்வளவுதான். இந்தச் சுருளைச் செய்தவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை. வயரும் இல்லை, சென்சரும் இல்லை, முப்பது வருடம் வேலை செய்கிறது.

கெடுவது எண்ணெய். கசிந்தால் கிளட்ச்சின் நடுவிலிருந்து வெளிப்பக்கமாகக் கறுப்பு எண்ணெய்த் தூசிக் கீற்றுகள் தெரியும். எஞ்சின் சூடாக இருக்கும்போது நிறுத்தி, சாவியை வெளியே எடுத்துவிட்டு, ஃபேனைக் கையால் சுற்றிப் பாருங்கள். நன்றாக எதிர்ப்புத் தர வேண்டும். தட்டிவிட்டதும் பல சுற்று தானாகச் சுற்றினால் கிளட்ச் செத்துவிட்டது. சில கராஜ்களில் போல்ட் அடித்து இறுக்கிப் பூட்டிவிடுவார்கள். வழியில் மாட்டிக்கொண்டால் வீடு வந்து சேர அது உதவும். நிரந்தரமாக வேண்டாம். வேகத்தில் ஓடும்போது தேவையே இல்லாத ஃபேன் எஞ்சினின் பலத்தைத் தின்னும்.

ஃபேனைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் கவசத்தையும் பாருங்கள். பாவித்த கெப்களில் அது பாதி உடைந்திருக்கும், அல்லது எந்தக் காலத்திலோ கழற்றி மூலையில் போட்டிருப்பார்கள். அது அலங்காரம் இல்லை. கவசம் இல்லாவிட்டால் ஃபேன் ரேடியேட்டர் முழுவதிலும் இருந்து காற்றை இழுக்காது. தன் ஓரத்தில் இருக்கும் சூடான காற்றையே எடுத்துச் சுற்றிச் சுற்றித் தள்ளும்.

ஊசி இதற்கு எதிராக, ஓடும்போதும் ஏற்றத்திலும் ஏறினால், பார்க்க வேண்டியது ரேடியேட்டரும் தண்ணீரும். வெள்ளவத்தை, கொள்ளுப்பிட்டிப் பக்கம் கடலோரமாக வருடக்கணக்கில் நிற்கும் வாகனங்களில் உப்புக் காற்று மெல்லிய தகடுகளை அரித்துவிடும். விரலால் தடவினால் பச்சைத் தூளாக உதிரும். குழாய்க்கும் தகட்டுக்கும் இடையே ஒட்டு விட்டுப்போனால் தண்ணீரின் சூடு காற்றுக்குப் போக வழியில்லை. ஏசி பொருத்திய வாகனங்களில் கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே தூசி கம்பளமாகப் படிந்திருக்கும். எஞ்சின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக மெதுவாகத் தண்ணீர் அடித்துக் கழுவுங்கள், வேகமான ஜெட் வேண்டாம், தகடு மடங்கிவிடும்.

உள்ளே ஊற்றும் தண்ணீரும் முக்கியம். அம்பத்தலையில் களனி ஆற்று நீரைச் சுத்திகரித்து வரும் கொழும்புக் குழாய்த் தண்ணீர் அவ்வளவு கடினமானது இல்லை. யாழ்ப்பாணத்துக் கிணற்று நீர் அப்படியல்ல. அது சுண்ணாம்புப் பாறைக்குள் ஊறி வருவது, கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிவதை எல்லாரும் பார்த்திருக்கிறோம். இந்தச் சுண்ணாம்பு, தண்ணீர் சூடாகச் சூடாகக் குறைவாகக் கரையும். அதனால் எஞ்சினில் எங்கே சூடு அதிகமோ அங்கேயே போய்ப் படியும். வார்ப்பிரும்பு வெப்பத்தைக் கடத்தும் திறனோடு ஒப்பிட்டால் படிந்த சுண்ணாம்பின் திறன் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. கொழும்புக்கும் ஊருக்கும் ஓடும் கெப்பில் வழியெல்லாம் கிணற்றுத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தால், எஞ்சினின் உட்சுவரில் கம்பளி போர்த்துகிறோம்.

குளிர்நாடு இல்லையே, கூலன்ட் எதற்கு என்ற கேள்வியும் வரும். வெறும் தண்ணீர் கூலன்ட் கலவையைவிட வெப்பத்தை நன்றாகச் சுமக்கும், அது உண்மை. ஆனால் ஒரே தண்ணீருக்குள் இரும்பு, அலுமினியம், செம்பு, ஈயப்பற்று எல்லாம் சேர்ந்து நின்றால் மின்கலம் ஒன்று உருவாகி, பலவீனமான உலோகம் கரையும். அதைத் தடுக்கும் சேர்மங்கள் கூலன்டில்தான் இருக்கின்றன. அவை தேய்ந்து தீரும், அதனால் பழைய பச்சை வகையை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். பாதிக்குப் பாதி, பெட்ரோல் ஷெட்டில் கிடைக்கும் காய்ச்சி வடித்த நீரோடு கலப்பது நல்லது. நிறத்தை நம்பி வேறு வேறு வகைகளைக் கலக்காதீர்கள். வடித்தெடுத்த பழைய கூலன்டைத் திறந்த பாத்திரத்தில் விடவும் வேண்டாம். அதில் உள்ள எத்திலீன் கிளைக்கோல் இனிக்கும், நாயும் பூனையும் நக்கினால் உயிருக்கே ஆபத்து.

இப்போது அந்தத் தெர்மோஸ்டாட். அதன் நடுவில் ஒரு பித்தளைக் கிண்ணம், உள்ளே மெழுகு. சுமார் 82 பாகையில் மெழுகு உருகி விரிந்து ஒரு தண்டைத் தள்ளும், வால்வு திறந்து தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகும். அதுவரை தண்ணீர் பக்கவாட்டு வழி ஒன்றில் எஞ்சினுக்குள்ளேயே சுற்றும். பல ஜப்பானிய எஞ்சின்களில் இதே தெர்மோஸ்டாட்டின் அடியில் இன்னொரு தட்டு இருக்கிறது. மேல்வாய் திறக்கத் திறக்க, அந்தத் தட்டு பக்கவாட்டு வழியை அடைக்கும். இப்படிப்பட்ட தெர்மோஸ்டாட்டைக் கழற்றினால் இரண்டு வழியும் எப்போதும் திறந்தே கிடக்கும். எஞ்சினிலிருந்து வரும் கொதிநீரில் ஒரு பங்கு ரேடியேட்டரையே பார்க்காமல் திரும்ப உள்ளே போகும். சாதாரண ஓட்டத்தில் ஊசி கீழே நிற்கும், பாரத்தோடு ஏற்றம் வந்தால் முன்பைவிட அதிகமாக ஏறும்.

சாதாரண ஓட்டத்தில் கீழே நிற்பதும் நல்லதல்ல. டீசலில் கந்தகம் உண்டு. அது எரியும்போது வரும் வாயுக்கள், எரிதலில் உண்டாகும் நீராவியோடு சேர்ந்து குளிர்ந்த சிலிண்டர் சுவரில் படிந்தால் கந்தக அமிலம். பிஸ்டன் ரிங்கையும் சுவரையும் அது மெல்ல அரிக்கும். முழுதாக எரியாத டீசல் ஒயிலுக்குள் இறங்கி அதை நீர்க்கச் செய்யும். வெளியில் 31 பாகை வெயில் அடிக்கிறதே என்றால், எஞ்சினுக்கு 31 பாகையும் குளிர்தான்.

தெர்மோஸ்டாட்டைச் சோதிப்பது எளிது. நூலில் கட்டி, தண்ணீர்ப் பாத்திரத்தின் அடியைத் தொடாமல் தொங்கவிட்டு, வெப்பமானியோடு சூடாக்குங்கள். அதில் அடித்திருக்கும் எண்ணுக்கு இரண்டு பாகை முன்பின்னாகத் திறக்கத் தொடங்க வேண்டும், 95 பாகையில் சுமார் 8 மில்லிமீட்டர் திறந்திருக்க வேண்டும். இல்லையென்றால் அதே எண்ணுள்ள புதியது வாங்குங்கள். பூட்டும்போது விளிம்பில் ஆடும் குட்டி ஆணி மேற்பக்கம் இருக்கட்டும், சிக்கிய காற்று அந்த வழியாகத்தான் வெளியேறும். கெப்பின் மூக்கு உயரமாக இருக்கும்படி சரிவில் நிறுத்தி, ஹீட்டர் இருந்தால் அதையும் திறந்து வைத்து, குளிர்ந்த எஞ்சினில் மூடி இல்லாமலே மெதுவாக நிரப்பி ஸ்டார்ட் செய்யுங்கள். சூடாகத் தொடங்கும்போது குமிழி வரும், மட்டம் இறங்கும், திரும்ப நிரப்பி மூடியைப் பூட்டிவிடுங்கள். மறுநாள் காலை, ஸ்டார்ட் செய்வதற்கு முன் ரேடியேட்டரின் வாயைத் திறந்து இன்னொரு தடவை மட்டம் பார்க்க வேண்டும். ஊசியை மட்டும் நம்பி இருக்க முடியாது, ஏனென்றால் தண்ணீர் குறைந்து சென்சர் வெறும் ஆவியில் நின்றால் எஞ்சின் வேகும்போதும் ஊசி கீழே இறங்கும்.