வசையாகிப்போன நோய்ப்பெயர்கள்

அறிவுத்திறன் சோதனைக்குப் பிள்ளைகளை அழைத்துவரும் பெற்றோரிடம் என்ன சிரமம் என்று கேட்டால், பலர் முதலில் சொல்வது அந்தப் பிள்ளையை மற்றவர்கள் எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்பதைத்தான். மக்கு, மந்தம், லூசு, மென்டல் என்ற சொற்களை அவர்கள் தாழ்ந்த குரலில் சொல்வார்கள். சென்னையில் 'கீழ்ப்பாக்கம்' என்ற ஊர்ப் பெயரே, அங்குள்ள அரசு மனநல மருத்துவமனையின் காரணமாக, வசையாகிவிட்டது. மனநோய் வேறு, கற்பதிலும் அன்றாடத் திறன்களிலும் வயதுக்கேற்ற வளர்ச்சி இல்லாத அறிவுசார் குறைபாடு வேறு என்பதை இந்த வசைகள் பார்ப்பதில்லை.

ஆங்கிலத்திலிருந்து நாம் எடுத்துக்கொண்ட வசைகளின் கதை இன்னும் கசப்பானது. இடியட், இம்பெசில், மோரான் ஆகிய மூன்றும் ஒரு காலத்தில் மருத்துவர்கள் நோயாளியின் பதிவேட்டில் எழுதிய சொற்கள். இடியட் என்பதன் கிரேக்க மூலச்சொல், பொதுக்காரியங்களில் ஈடுபடாத தனிமனிதரைக் குறித்தது. இம்பெசில் என்பதன் லத்தீன் மூலத்துக்கு வலுவற்றவர் என்று பொருள். மோரான் என்ற சொல்லையோ ஓர் உளவியலாளரே உருவாக்கினார். அமெரிக்காவின் நியூ ஜெர்சியில், வைன்லேண்ட் பயிற்சிப் பள்ளியில் பணியாற்றிய ஹென்றி காடர்ட், 8 முதல் 12 வயதுக்குரிய மனவயது, அதாவது அந்த வயதுப் பிள்ளைகளின் அறிவுத்திறன் அளவே, உடைய பெரியவர்களைக் குறிக்க 1910-இல் அதை ஒரு கிரேக்கச் சொல்லிலிருந்து அமைத்தார். அந்த வகைப்பாடு ஏட்டோடு நிற்கவில்லை. 1927-இல் 'பக் எதிர் பெல்' வழக்கில் கட்டாயக் கருத்தடையை அனுமதித்த அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்பில், "மூன்று தலைமுறை இம்பெசில்கள் போதும்" என்று நீதிபதி ஹோம்ஸ் எழுதினார். அதன்பின், அந்த வழக்கின் மையமாக இருந்த கேரி பக் என்ற இளம்பெண்ணுக்குக் கருத்தடை அறுவை சிகிச்சை செய்யப்பட்டது.

எங்கள் அறையில் சிறு குழந்தைகளுக்குக் கொடுக்கும் மரப்பலகை ஒன்று உண்டு. வட்டம், சதுரம், நட்சத்திரம் எனப் பத்து வடிவக் கட்டைகளை அவற்றுக்குரிய குழிகளில் பொருத்த வேண்டும். இதற்குச் செகுவின் பலகை என்று பெயர். அந்தப் பெயருக்குரிய பிரெஞ்சு மருத்துவர் எட்வார்ட் செகுவின், 'இடியட்' என்று ஒதுக்கப்பட்ட பிள்ளைகளுக்கும் கற்பிக்க முடியும் என்று 19-ஆம் நூற்றாண்டிலேயே செய்து காட்டியவர். அந்தப் பலகையின் முன் அமர்ந்திருந்த ஒரு சிறுவனைப் பற்றி அவன் தாய், "ஸ்கூல்ல எல்லாரும் இடியட்னுதான் கூப்பிடுறாங்க மேடம்" என்றார். நட்சத்திரக் கட்டையைப் பிடித்திருந்த அவன் கை நின்றுவிட்டது. மீதிக் கட்டைகளை அவன் தொடவே இல்லை. சோதனையை வேறொரு நாளுக்குத் தள்ளிவைத்தோம்.

தமிழின் பழைய வழக்கு இவ்வளவு கொடுமையானதல்ல என்றே நினைக்கிறேன். "பேதைமை என்பதொன்று யாதெனின் ஏதங்கொண்டு ஊதியம் போக விடல்" என்கிறது குறள்; கெடுதலைக் கைக்கொண்டு நன்மையை நழுவவிடுவதே அதற்குப் பேதைமை. அதே அதிகாரத்தில், ஓதி உணர்ந்து பிறர்க்கு எடுத்துச் சொல்லியும் தான் அதன்படி அடங்கி நடக்காதவனைவிடப் பேதை இல்லை என்றும் வள்ளுவர் சொல்கிறார். அவர் கடிந்துகொள்வது அறிந்தும் தவறாக நடப்பவரை. நம் வகுப்பறை வசைகளோ, பிள்ளையால் மாற்றிக்கொள்ள முடியாத ஒன்றையே குற்றமாக்குகின்றன.

இதன் விளைவை நாங்கள் நாள்தோறும் பார்க்கிறோம். பட்டப்பெயருக்கு அஞ்சிப் பிள்ளையை வீட்டுக்குள் வைத்திருந்துவிட்டு, பத்தாம் வகுப்புத் தேர்வுச் சலுகைக்குச் சான்றிதழ் தேவைப்படும்போதுதான் சில குடும்பங்கள் வருகின்றன; பேச்சுப் பயிற்சிக்கும் சிறப்புக் கல்விக்கும் உகந்த வயது அதற்குள் கடந்துவிடுகிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இன் 92-ஆம் பிரிவின்படி, மாற்றுத்திறனாளி ஒருவரைப் பொதுப் பார்வைக்குட்பட்ட இடத்தில் இழிவுபடுத்தும் நோக்கத்தோடு வேண்டுமென்றே அவமதிப்பது, 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறையும் அபராதமும் விதிக்கத்தக்க குற்றம் என்பதைப் பள்ளிகள் அறிந்திருக்க வேண்டும். குழந்தை நடப்பதிலோ பேசுவதிலோ பின்தங்குவதாகத் தோன்றினால், பட்டப்பெயர் ஒட்டிக்கொள்ளும்வரை காத்திராமல், வளர்ச்சிக் குறைபாடுகளைச் சிறுவயதிலேயே கண்டறிந்து உதவும், உங்கள் மாவட்டத்தின் ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். அரசு நடத்தும் அம்மையங்களில் இந்த மதிப்பீட்டுக்குக் கட்டணம் இல்லை.