அப்பீல் நிலுவையில் இருக்கும்போது ரிட் போடலாமா?

"அப்பீல் போட்டு ரெண்டு வருஷம் ஆச்சு சார், விசாரணைக்கே வரல. ஹேபியஸ் கார்பஸ் போட்டா உடனே விட்டுடுவாங்களாமே?" சிறையில் இருப்பவரின் குடும்பத்தார் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. விடமாட்டார்கள். ரிட் என்பது, உரிமை மீறப்பட்டால் அதிகாரிகளுக்கு உத்தரவிடும்படி உயர் நீதிமன்றத்திடமோ உச்ச நீதிமன்றத்திடமோ நேரடியாகக் கேட்கும் மனு. அதில் ஒருவகைதான் ஹேபியஸ் கார்பஸ், அதாவது ஆட்கொணர்வு மனு. அதில் நீதிமன்றம் பார்ப்பது, இவரை எந்த அதிகாரத்தில் அடைத்து வைத்திருக்கிறார்கள் என்பதைத்தான். அதிகாரமுள்ள நீதிமன்றத்தின் தண்டனைத் தீர்ப்பு இருந்தால் பொதுவாக அதோடு மனு முடிந்தது. தீர்ப்பு தப்பு என்ற வாதத்துக்கு இடம் அப்பீல்தான்.

உடனடி நிவாரணமும் அந்த அப்பீலுக்குள்ளேயே இருக்கிறது. தண்டனையை நிறுத்திவைத்து ஜாமீன் கேட்கும் மனு அது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 389-வது பிரிவு, 2024 ஜூலை முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 430-வது பிரிவு. அப்பீலை நியாயமான காலத்துக்குள் விசாரிக்க முடியாதபோது கைதியை உள்ளேயே வைத்திருப்பது சரியல்ல என்று காஷ்மீரா சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1977-லேயே சொல்லிவிட்டது. ஒருமுறை தள்ளுபடியானாலும் சோர்ந்துவிட வேண்டாம். சிறையில் கழிந்த காலம் கூடியிருந்தாலோ உடல்நிலை மோசமாகியிருந்தாலோ மறுபடியும் கேட்கலாம். ஆனால் நம் தரப்பே வாய்தா வாங்கி இழுத்திருந்தால், தாமதம் என்ற வாதம் நிற்காது.

அப்படியென்றால் ரிட்டுக்கு வேலையே இல்லையா? இருக்கிறது, அதுவும் முக்கியமான வேலை. ஒரு கைதி கோடு போட்ட தாளில் பக்கம் பக்கமாக எழுதிய மனுவைப் படித்தேன். முழுக்க முழுக்க சாட்சிகளின் முரண்பாடுகள். கடைசிப் பக்கத்தில் ஒரே ஒரு வரி: "சில நாளாக இன்சுலின் தரவில்லை." அந்த ஒரு வரிதான் ரிட். மற்றதெல்லாம் அப்பீலுக்கு உரியது. சிகிச்சை மறுப்பு, அடி உதை, குடும்பத்தைப் பார்க்க விடாதது போன்றவற்றுக்கு அரசியலமைப்பின் 226-வது பிரிவில் உயர் நீதிமன்றத்தை அணுகலாம். அப்பீல் நிலுவையில் இருப்பது தடையில்லை. மரண தண்டனைக் கைதியான சுனில் பத்ரா, சக கைதி ஒருவர் சித்திரவதை செய்யப்பட்டதைப் பற்றி எழுதிய கடிதத்தையே உச்ச நீதிமன்றம் ஆட்கொணர்வு மனுவாக எடுத்துக்கொண்டது. தீர்ப்பு வந்தது 1979 டிசம்பரில்.

வீட்டில் சாவு, கல்யாணம் என்றால் நேரே பரோல் என்று ஓடாதீர்கள். அப்பீல் நிலுவையைக் காரணம் காட்டிச் சிறைத்துறை மறுக்கக்கூடும். அப்பீல் இருக்கும் நீதிமன்றத்திலேயே சில நாள் இடைக்கால ஜாமீன் கேட்பதுதான் நேர்வழி.

எந்த மனுவானாலும், அப்பீல் எண்ணையும் முன்பு தள்ளுபடியான மனுக்களையும் மறைக்காமல் குறிப்பிடுங்கள். மறைத்தது தெரிந்தால் நல்ல மனுவும் அடிபடும்.

வக்கீல் வைக்க வசதியில்லையா? காவலில் இருப்பவருக்கு 1987-ம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-வது பிரிவுப்படி இலவச வக்கீல் பெற உரிமை உண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் தீர்ப்பு நகலும் அப்பீல் எண்ணும் கொடுத்தால் போதும், வேலை ஆரம்பித்துவிடும்.